விருந்தாளிக்கு விரித்த பாய்

அன்புள்ள மாமாவுக்கு, மருமகள் அத்துகனிலே எழுதுவது. இந்த மழையில் உங்கள் வாழைகள் சாயாமலும் அத்தைக்கு மூட்டுவலி ஏறாமலும் இருக்க வேண்டும். இங்கே என் இடது கால் வழக்கம்போல் குட்டை, மற்றபடி நலம்.

அந்த அம்மாளிடம் நான் முதலில் பார்த்தது கழுத்தை. வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஏரிக்கரையில் விடுதி கட்டும் இங்கெபோர்க் அம்மாள் அவர். திரைச்சீலைகளுக்காக எங்கள் தறிக்கூடத்தைப் பார்க்க வந்திருந்தார். காது கேளாத நெசவாளிகளைப் பார்க்க வரும் வெளிநாட்டார் எல்லாருக்கும் கழுத்து கொஞ்சம் சாயும், இரண்டாவது தறியில் நேராகிவிடும். இவருக்குக் கடைசித் தறிவரை நேராகவில்லை. நெஞ்சில் கை, கண்ணில் நீர். மூத்த நெசவாளி முவாகலிங்கா, காது கேட்கும் என்னைக் கூப்பிட்டுக் கைச்சாடையால் சொன்னார்:

"இவங்க வீட்டுல யாரோ போயிட்டாங்க."

"இல்ல பெரியப்பா, நம்மளப் பாத்துப் பாவப்படுறாங்க" என்று நானும் கையால் சொன்னேன்.

"நமக்கு என்ன கேடு? நீ சின்னப் பொண்ணு, எழவு முகம் உனக்குத் தெரியாது."

அவ்வளவுதான், தறிகள் நின்றன. பெண்கள் பாய் விரித்து, அம்மாளின் இடுப்பில் காங்காத் துணி கட்டி, நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்துகொண்டார்கள். அடுப்பில் அவரைப் பயறு ஏறியது. ஆண்கள் துக்க வீட்டு முறைப்படி மரத்தடியில் சீட்டாடினார்கள். நிர்வாகி செகேலா அக்கா நூல் வாங்கப் போயிருந்தார். அம்மாள் என்னிடம், "இது உங்க வழக்கமாம்மா?" என்று கேட்டார். மாமா, கையால் என்றால் நான் பொழுது சாயும்வரை பேசுவேன். வாயால் "ஆமாம்" மட்டும் வந்தது. அது பொய்யும் இல்லை. பிறகு துக்கக் காசுத் தட்டு சுற்றி வந்தது; எல்லாரும் போட்டார்கள்; நானும் போட்டேன். எங்களுக்கு உதவுவதாக நினைத்து வந்த அம்மாள் மடியில் அதை வைத்தோம். அவர் தட்டையே பார்த்தார். காசைத் தொடாமல் எழுந்து, திரைச்சீலை பற்றி ஒன்றும் சொல்லாமல், காங்காவோடே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

செகேலா அக்கா வந்து கேட்டார்: "இந்தக் கூடத்துல காதும் வாயும் இருக்குன்னுதான உன்ன வச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? வேற ஆள் பாத்துக்கறேன். உங்க மாமாவ வரச் சொல்லு."

அவர் சொல்வது நியாயம். இந்தக் காலால் மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்தையும் விட்டாயிற்று, இனி இதையும். சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போங்கள். பெட்டிக்குப் பூட்டு இல்லை, கயிறு கொண்டு வாருங்கள். முவாகலிங்கா பெரியப்பா மட்டும் தாம் செய்தது சரி என்றே இருக்கிறார்.

அத்தைக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் பேருந்துக்குத் தூங்காத ஓட்டுநரைத் தரட்டும்.

உங்கள் மருமகள்,
அத்துகனிலே

பின்குறிப்பு: மேலே வரச் சொன்னதை விட்டுவிடுங்கள். இன்று காலை அந்த அம்மாள் தனியாக வந்தார், கையில் துவைத்து மடித்த காங்காவோடு. செகேலா அக்கா மன்னிப்புக் கேட்க ஓடினார். அம்மாள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"எங்கக்கா தவறிட்டா. இங்க யார்கிட்டயும் நான் சொல்லல. இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதை நான் கையால் எல்லாருக்கும் சொன்னேன். முவாகலிங்கா பெரியப்பா தறியை நிறுத்தினார். "அக்காவா? நான் அம்மான்னு நெனச்சேன்" என்றார்.

அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்து, "உங்கக்கா பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.