நானூற்றுப் பன்னிரண்டு, உங்கள் வீடு

அழைப்பாளி என்று ஓர் இனம் இருக்கிறது. விருந்தாளியை உங்களுக்குத் தெரியும். அது வரும், சாப்பிடும், போய்விடும். அழைப்பாளி அப்படிப் போகிற இனம் இல்லை. அது வாசலில் நிற்கும், லிஃப்டில் நிற்கும், பூசை முடிந்து கோயில் படியில் நிற்கும், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கும்போதும் பக்கத்து நாற்காலிக்காரரைக் கைச்சாடையால் வீட்டுக்குக் கூப்பிடும்.

இது கெட்ட இனம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் அறிய, நல்ல மனசு. வீடுதான் சின்னது.

எங்கள் லெயோன் ஊரில் யாரும் "என் வீடு" என்று சொல்லமாட்டோம். சொன்னால் நாக்கு கூசும். "கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு, பச்சைக் கதவு, அதுதான் உங்கள் வீடு, எப்ப வேணா வாங்க" என்போம். கேட்டவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட மாட்டார். "கடவுள் சித்தமானால் கட்டாயம் வர்றேன்" என்பார். வரமாட்டார். அழைத்தவருக்கும் சந்தோஷம், வராதவருக்கும் சந்தோஷம். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எங்கள் பங்குச்சாமியார் ஒத்துக்கொண்டிருக்கிறார். அவரும் நிறையப் பேரை அழைத்து வைத்திருக்கிறார்.

ஆனால் அழைப்பாளி இருக்கிறாரே, அவர் வாய் வார்த்தைக்காகக் கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் மெய்யாகவே ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறார். அங்கேதான் ஆபத்து.

தோன் எவரிஸ்தோவை எடுத்துக்கொள்ளுங்கள் (தோன் என்றால் எங்களுக்கு ஐயா, தோன்யா என்றால் அம்மா). ஷூவுக்கு அடித்தோல் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மனைவி அம்பாரோ, பட்டறையில் கணவனுக்குச் சரிசமமாக உட்கார்ந்து வேலை செய்கிறவள், பல வருஷமாக அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுவந்தாள்: வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். வீட்டு ஆட்கள் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. அவர், அவள், ஒரே மகள் நொயெமி. மூன்று பேர். கலியாணம் ஆன நாள் தொட்டு அந்த வீட்டு மேசையில் ஒரு பால்காரராவது உட்காராமல் சூப் பரிமாறியதில்லை.

இப்போது அந்த ஆசைக்கு அவசரம் வந்துவிட்டது. நொயெமி நர்ஸ் படிப்பு முடித்து, வடக்கே எல்லையோரம் டிஹுவானாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் பஸ் ஏற வேண்டும். அது பக்கத்து ஊரா என்ன? போனால் எப்போது வருவாளோ. அதனால்தான் அம்பாரோ சான் ஹுவான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு, கணவரை நச்சரித்து, மன்சானிலோ கடற்கரையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் தங்க இடம் பிடித்தாள். சாப்பாடு, தண்ணீர், நீச்சல்குளம், கடல் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கையில் நீலப் பட்டை கட்டிவிடுவார்கள். பட்டை இல்லாதவன் உள்ளே வரமுடியாது. அம்பாரோ முக்கியமாக அந்தப் பட்டைக்காகத்தான் அந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தாள்.

பாவம். வெளி ஆளைத்தானே பட்டை தடுக்கும்? உள்ளே ஐந்நூறு பேர் பட்டையோடு திரிகிறார்களே.

பெட்டியை அறையில் வைக்கப் போகும்போதே லிஃப்டில் தொர்ரெயோன் ஊர்த் தம்பதி நின்றார்கள். தோன் குமெர்சிந்தோ, ஓய்வுபெற்ற ரயில்காரர், அவர் மனைவி. லிஃப்ட் நாலாவது மாடிக்கு ஏறுவதற்குள் எவரிஸ்தோ அவர்களுடைய முழங்கால் வலி, மருமகள் குணம் எல்லாம் விசாரித்து முடித்து, கதவு திறந்ததும் கையை விரித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு. உங்க வீடு. வேத்து ஆளா நெனைக்காதீங்க."

அவர்கள் நினைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள். ராத்திரி பஃபேயில் மேசையோடு மேசை சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. குளத்தில் மிதந்துகொண்டே இரண்டு குடும்பத்தைப் பிடித்திருந்தார் எவரிஸ்தோ. நொயெமி ஒரு கோடியில், அம்மா மறுகோடியில். நடுவில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். அம்பாரோவும் கைதட்டிப் பாடினாள். என்ன செய்வது, குழந்தை ஆயிற்றே.

மறுநாள் காலையில் ஹோட்டல் வாசலில் இருந்து அழைப்பு வந்தது. உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறார்கள், கையில் பட்டை இல்லை, ஆனால் அண்டாவும் கூண்டும் இருக்கிறது என்றார்கள்.

தோன்யா எதுவிஹெஸ். லெயோனில் நாலு வீடு தள்ளி இருக்கிற விதவை. போன ஞாயிறு கோயில் படியில் எவரிஸ்தோ அவளிடம், கடலுக்குப் போகிறோம், நீங்களும் வரணும், அங்கே உங்களுக்கும் வீடு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவளும் எங்கள் ஊர்க்காரிதான், முறை தெரிந்தவள்தான். ஆனால் எழுபது வயது வரைக்கும் கடலைப் பார்க்காதவள் முறையை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள்? ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அண்டாவில் மோலே குழம்பு. கூண்டில் கானரிக் குருவி, வீட்டில் தனியாக விட்டால் அழுமாம்.

எவரிஸ்தோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊரில் ஆயிரம் பேரைக் கூப்பிட்டதில் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்த முதல் ஆள். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. ஹோட்டல்காரர்களிடம் கெஞ்சி, கூத்தாடி, பணம் கட்டி அவளுக்கும் ஒரு பட்டை கட்டவைத்தார். நொயெமியின் கட்டில் எதுவிஹெஸ் அம்மாளுக்குப் போயிற்று. நொயெமி சோபாவுக்குப் போனாள். குளியலறைக் கம்பியில் குருவி.

அம்பாரோ சண்டைக்காரி இல்லை. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். ஹோட்டலில் கடலோரமாக மணலில் தனியாக ஒரு சாப்பாட்டு இடம் இருந்தது. அங்கே முன்கூட்டிச் சொல்லிவைத்தால்தான் மேசை. அவளே போய்க் கடைசி நாள் சாயங்காலத்துக்கு மூன்று பேருக்கு மேசை சொல்லிவைத்துவிட்டு, கணவரிடம் அன்று மத்தியானம்தான் விஷயத்தை உடைத்தாள். நாம் மூன்று பேர் மட்டும், இத்தனை மணிக்கு, மறக்கக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எவரிஸ்தோவுக்கு ஒரே குஷி. நல்ல காரியம் செய்தாய் என்று அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் குளத்துக்குப் போனார்.

குளத்தில் நின்றுகொண்டு எல்லாரிடமும் அந்தச் சந்தோஷத்தைச் சொன்னார். சொன்னால் போதுமா? நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு ஆளைக் கூப்பிடாமல் விடுவது எப்படி? அது மரியாதையா? எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார்.

நொயெமி தண்ணீரில் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கரையேறி, துவாலையைச் சுற்றிக்கொண்டு, அம்மாவிடம் வந்தாள்.

"விடும்மா. டிஹுவானாவுல தனியா எப்படிச் சாப்பிடுவேன்னு கவலைப்பட்டியே. அப்பா இங்கயே பழக்கிவிட்டுட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அம்பாரோவால் தாங்க முடியவில்லை.

அம்பாரோ எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். குளத்தைச் சுற்றி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். கணவரின் அதே சிரிப்பு, கணவரின் அதே கை விரிப்பு. கடலோரம் இடம் நெருக்கடி, அதனால் அறைக்கே வந்துவிடுங்கள், எதுவிஹெஸ் அம்மாள் கொண்டுவந்த மோலே இருக்கிறது, நம்ம வீடு மாதிரி இருக்கும் என்றாள். இது பொய்யா என்று அவளுக்கே ஒரு உறுத்தல். இல்லை, ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதுவிஹெஸ் அம்மாளிடம் விஷயத்தை முழுதும் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், குழம்பைச் சுடவைக்க ஹோட்டல் சமையலறையில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் எவரிஸ்தோ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு குளியலறைக் கதவைத் திறந்தால், அறை நிறைய ஜனம். கட்டிலில் தொர்ரெயோன்காரர்கள். தரையில் குளத்துக் குடும்பங்கள். எதுவிஹெஸ் அம்மாள் தட்டு தட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு மோட்சம் திறந்த மாதிரி இருந்தது. அம்பாரோ எங்கே என்று கேட்டார். கீழே போயிருக்கிறாள் என்றார்கள். சரி, வந்துவிடுவாள் என்று ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். இத்தனை முகத்தைக் கண்டதில் மேசை விஷயம் மனசிலேயே இல்லை. அழைப்பாளியின் மறதி அப்படி. எதிரே நிற்கிற ஆளைத் தவிர வேறு யாரும் நினைவில் நிற்கமாட்டார்கள்.

குமெர்சிந்தோ பால்கனியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"தோன் எவரிஸ்தோ, இங்க வந்து பாருங்களேன். கீழ, முகம் சரியா தெரியல, ஒரு அம்மாவும் பொண்ணும் மூணு தட்டு போட்டு உக்காந்திருக்காங்க. ரொம்ப நேரமா சாப்பிடவே இல்ல. யாரோ வரணும் போலிருக்கு. பாவம்."

பாவம் என்ற சொல் காதில் விழுந்தால் எவரிஸ்தோ சும்மா இருப்பாரா? தட்டோடு பால்கனிக்கு வந்தார். அவர் மூக்குக்கண்ணாடி குளியலறையில் இருந்தது. கீழே விளக்கு வெளிச்சத்தில் மங்கலாக இரண்டு உருவம், ஒரு காலி நாற்காலி. அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. கம்பியைப் பிடித்துக் குனிந்து, நல்ல சத்தமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, ஏன் தனியா உக்காந்திருக்கீங்க? மேல வாங்க. இது உங்க வீடு."

இரண்டு உருவமும் நிமிர்ந்தன. மஞ்சள் சட்டை போட்டிருந்த பெண், அலைச் சத்தத்துக்கு மேலே, மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க. எங்க வீட்டு ஆள் ஒருத்தர் வரணும். அவருக்காகத்தான் காத்திருக்கோம்."

குரலுக்குக் கண்ணாடி வேண்டாம் அல்லவா?

அவர் கையில் தட்டு அப்படியே நின்றது. பின்னால் அறை நிறைய விருந்தாளி. விருந்தாளியை விட்டுவிட்டுப் போவதா? அழைப்பாளி இனத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதற்கு மன்னிப்பு கேட்கப் போனால் எந்தச் சாமியாரிடம் போவது? திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். எதுவிஹெஸ் அம்மாள் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி குமெர்சிந்தோவிடம் கொடுத்தாள்.

"இதோ, இப்ப வந்துடறேன்," என்றார் எவரிஸ்தோ.

எங்கள் நாட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் எவரும் திரும்பி வந்ததில்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்கள்.

லிஃப்டுக்காக நிற்கவில்லை. லிஃப்டில் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் வாய் திறக்கும். அதனால் படியில் இறங்கினார். செருப்பு மறந்துபோன காலோடு மணலில் நடந்து வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அம்பாரோ கையை நீட்டினாள். மூன்று பேரும் கைகோத்து, உணவுக்கு நன்றி சொல்லி செபித்தார்கள். அவள் ஆமென் சொல்ல நேரமெடுத்துக்கொண்டாள்.

சுட்ட மீனைக் கொண்டுவந்து வைத்த சர்வர் நல்ல பையன். பார்த்தாலே தெரிந்தது, காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்தவன். எவரிஸ்தோ அவனை ஏறிட்டுப் பார்த்தார். உதடு பிரிந்தது. அம்பாரோ ஒரு தொர்த்தியா ரொட்டியைச் சுருட்டி அவர் வாயில் வைத்தாள்.

அப்புறம் வெகுநேரம் சாப்பிட்டார்கள். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குள் ஒரு ஆளின் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவிடுகிற மனிதருக்குத் தன் பெண்ணிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"எல்லாரையும் வா வான்னு கூப்பிடுறீங்க. என்னைய ஒரு தடவையாச்சும் கூப்பிட்டிருக்கீங்களாப்பா?"

"உன்னை எதுக்குடி கூப்பிடணும்? அது உன் வீடு."

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றீங்க."

அவர் மீனில் முள் தேடினார். அவள் விடவில்லை.

"கூப்பிடுங்கப்பா. நான் முறைக்குத் தலையாட்டுற ஆள் இல்ல. கூப்பிட்டா பஸ் ஏறிடுவேன்."

எவரிஸ்தோ கையைத் துடைத்துக்கொண்டார். கையை விரிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"கிறிஸ்துமஸுக்கு மொத நாள் வா. காலைல பஸ் ஸ்டாண்டுல நான் நிப்பேன்."

அவர் வாழ்நாளில் அழைத்த அழைப்புகளில் தேதி போட்டது அது ஒன்றுதான்.

மேலே நானூற்றுப் பன்னிரண்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஒருவரும் அவரைத் தேடவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்த வாரம் கடைத்தெருவில், கலியாணப் பந்தியில், யார் யாரிடம் "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் முறை தெரிந்தவர்கள், எத்தனை பேர் பஸ் ஏறுகிறவர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சரி, அது போகட்டும், அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். வாசலில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்த நேரம் உள்ளே ஒருத்தர் உங்களுக்காகத் தட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். குழம்பு ஆறுகிறது. முதலில் போய்ச் சாப்பிடுங்கள்.