மிஷின் வாங்கிய பிறகே பேச்சுவார்த்தை

"என் சம்மதம் இல்லாமல் இனி இந்த வீட்டில் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது!"

அறுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில் இப்படி அறிவித்தேன். காரணம், என் இடது காது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் ஒலிபெருக்கிக் குழாயடியில் நின்று தொழிற்சங்கக் கோஷம் போட்டே போன காது. என்னோடு சிறையில் களி தின்றவன் இன்று காரில் போகிறான். எனக்குக் கிடைத்தது செவிடு. அதையும் நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. காதில் விழாவிட்டால் கம்பீரமாகத் தலையாட்டி வைப்பேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் என் மனைவி மயிலம்மாள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் குடும்பம் ஏகாதசிக்கு வருது. உங்களைக் கேட்டுட்டுத்தானே வரச் சொன்னேன்?"

"நீ கேட்டது எனக்குக் கேக்கலை!"

"தலையாட்டினீங்களே!"

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன் பாடு இதுதான். கோயிலில் சொர்க்கவாசல் திறந்தால் நம் வீட்டு வாசலையும் திறந்துவிடுவார்கள். சாமியே இல்லை என்று மேடை மேடையாகப் பேசியவன் வீட்டில் பக்தர் முகாமா? விடமாட்டேன்.

லால்குடியிலிருந்து மைத்துனர் ரத்தினவேலே நேரில் வந்துவிட்டார்.

"என்ன மாப்ளே, நாங்க வரலாமா, கூடாதா?"

"காது மிஷின் வாங்கின பிறகுதான் பேச்சுவார்த்தை. அதுவரை நான் தலையாட்டினா செல்லாது!"

மூவரும் மலைக்கோட்டைக்கு பஸ் ஏறினோம்.

காது மிஷின் கடைக்காரர் முதலில் சட்டைப்பையில் வைக்கிற பெட்டி மிஷினை மாட்டினார். சட்டை உரசும்போதெல்லாம் தடியடி இரைச்சல். நிராகரித்தேன். அடுத்தது, மூக்குக் கண்ணாடிக் காம்பிலேயே மிஷின். கடை நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். தலைவர் களை!

"யாராவது பின்னால நின்னு மெல்லப் பேசுங்க. ஐயா அப்படியே திருப்பிச் சொல்லட்டும்," என்றார் கடைக்காரர்.

மயிலம்மாள் போய் நின்றாள்.

"கத்தரிக்கா."

"கத்தரிக்காய்!"

"மெயின்கார்டு கேட்."

"மெயின்கார்டு கேட்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. உடம்பெல்லாம் பழைய முறுக்கு. முஷ்டி தானாக உயர்ந்தது.

"அண்ணன் குடும்பம் வரலாம்."

"அண்ணன் குடும்பம் வரலாம்!"

"ஏகாதசி முடியறவரை தங்கலாம்."

"தங்கலாம்! தங்கலாம்!"

மைத்துனர் ஓடிவந்து என் முஷ்டியைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த மனசு யாருக்கு வரும் மாப்ளே!"

"மச்சான், அது சும்மா சோதனைக்கு..."

"மிஷின் போட்டுக்கிட்டுச் சொன்னது. செல்லுமில்ல?"

கடைக்காரர் மயிலம்மாள் பக்கம் திரும்பினார். "இந்த மிஷினே இருக்கட்டுமாம்மா?"

"இதையே குடுங்க. சொன்னபடி கேக்குறாரு."