செத்த செல்லும் மூன்றாம் சனிக்கிழமையும்

"இந்த வீட்டுல இனிமே ஆதாரம் இல்லாம ஒரு காரியமும் நடக்காது!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனுஷ்கோடி இப்படி அறிவித்தபோது கையில் செல்போன், இடுப்பில் லுங்கி, தலையில் அந்த முடி. முதல் இரண்டையும் விட்டுவிடலாம். முடியைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணன் தம்பி நாலு பேரில் மூன்று பேருக்கு மண்டை பளிங்குத் தரை. இவருக்கு மட்டும் நாற்பத்து மூன்று வயதிலும் சுருள் சுருளாய் ஒரு காடு. கருப்பில் பாதி டப்பாவில் வந்தது என்பது வேறு விஷயம்.

அந்தக் காட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. ஆடி மாசம் கிட்னியில் கல் வந்து, பாயில் சுருண்டு, செட்டியார்பட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பக்கத்தில் இருந்த மனைவி முனீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். "பெருமாளே, கல்லு விழுந்துட்டா புரட்டாசி மூணாம் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு வந்து அவிய முடியக் குடுத்துருதேன்." கிரிவலம் போகிற ஊர் இல்லை. இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் நிற்கிற குன்று. கல் விழுந்துவிட்டது. புரட்டாசியும் பிறந்துவிட்டது. நாளைக்கு மூன்றாம் சனிக்கிழமை.

தப்பிக்க வழி தேடி மூன்று வாரத்துக்கு முன்னாலேயே யூடியூபில் இறங்கிவிட்டார். 'வேண்டுதலை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும்' என்று கேட்டதும் ஏழு ஜோசியர்கள் வரிசையாக வந்து பயமுறுத்தினார்கள். எட்டாவதாக ஒரு தாடிக்காரர் வந்தார். வெளிநாட்டு அரங்கம். அறிவியலும் பகுத்தறிவும் மதமும் என்று மூன்று நாள் மாநாடு, மொத்தம் இருபத்தேழு பேச்சு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தாடிக்காரர் வாயைத் திறந்தால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு மெஷின் தமிழ் வந்தது. "பிரார்த்தனையால் நோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது."

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடலாம். பகுத்தறிவு அவர் தலைக்குள் வேலை பார்க்க வரவில்லை. தலைக்கு மேல் காவலுக்கு வந்தது.

அன்றிலிருந்து தினமும் மில்லில் முதல் ஷிப்ட் முடித்து, சாப்பிட்டு, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துப் பேச்சு கேட்பார். பத்தே நிமிடம். அப்புறம் குறட்டை. போன் தூங்காது. அது பாட்டுக்கு அடுத்த பேச்சு, அதற்கடுத்த பேச்சு என்று ஓடும். பக்கத்தில் முனீஸ்வரி நைட்டி தைத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் மில் டீக்கடையில் அந்தப் பத்து நிமிடத்தை இவர் ஒரு மணி நேரம் பேசுவார்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

"எல்லாத்துக்குமா ஆதாரம்?" என்றாள் முனீஸ்வரி. தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"எல்லாத்துக்குந்தான்."

"நேத்துக் குழம்புல உப்பு கூடன்னிய. அதுக்கு?"

"என் நாக்குதான் ஆதாரம்."

"ஒரு நாக்கு பத்தாது. யாரு வச்ச குழம்புன்னு சொல்லாம நாப்பது பேருக்குக் குடுத்துப் பாக்கணும். ஆறாவது பேச்சுல சொன்னாவல்லா?"

தனுஷ்கோடி முழித்தார். ஆறாவது பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

"நீ எப்பட்டி கேட்ட?"

"உங்க கொறட்டைக்கு ஊடதான். இருபத்தேழும் முடிச்சாச்சு, கேள்வி பதிலோட."

"நல்லதாப் போச்சு. அப்ப கல்லு மாத்திரையிலதான் விழுந்துச்சு, ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன்."

"மொட்டை?"

"வேண்டாம். அடுத்தவுக தலைக்கு நான் வாக்குக் குடுக்கது தப்பு. பத்தாவது பேச்சு."

இவ்வளவு லேசாக ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் சீப்பை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். மெஷின் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். முடிங்கது செத்த செல்லுன்னு பேச்சுல ஒரு டாக்டரம்மா சொல்லுச்சே. நெசமா?"

"நெசந்தான். சயின்ஸுல்லா!"

"செத்த பொணத்தையே ஒரு நாளைக்கு மேல வீட்டுல வைக்க மாட்டாவ. நீங்க நாப்பத்து மூணு வருசமாத் தலையில வச்சு, எண்ணெ தடவி, டை அடிச்சு, மணிக்கொரு தரம் சீவுதிய. நான் முடியப் பெருசா நெனைக்கேன், சாமிக்குக் குடுப்போம்னேன். செத்ததுன்னு தெரிஞ்ச நீங்க எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுவுதிய?"

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"அது... ஒரு அழகு."

"அழகுன்னு யாரு சொன்னா?"

"நாலு பேரு சொல்லுதாவ."

"பேரு சொல்லுங்க, விசாரிப்போம்."

தனுஷ்கோடி சீப்பை எடுத்து லுங்கி மடிப்பில் செருகினார்.

"ஆதாரமே இல்லாம ஒண்ணப் புடிச்சுத் தொங்குததுக்குப் பேருதான் மூடநம்பிக்கை. கடைசிப் பேச்சு. போகட்டும், மில்லுல கேட்டா சொல்லிருதேன். எங்க வீட்டுக்காரருக்கு இருக்கது ஒரே ஒரு மூடநம்பிக்கை, அதுக்கும் டை அடிச்சு வச்சிருக்காவன்னு."

"ஏட்டி, யாருக்கு மூடநம்பிக்கை? எடுத்துக் காட்டுதேன் பாரு! நாளைக்கே மொட்டை!"

முனீஸ்வரி பதறினாள். "ஐயய்யோ, நாளைக்கு வேண்டாம்! சனிக்கிழமை. ஊரே வேண்டுதல்னு சொல்லும். திங்கக்கிழமை எடுங்க."

"கிழமை பாக்கது அதவிட மூடநம்பிக்கை! நாளைக்குத்தான். கோயில்ல இல்ல. நம்ம கருத்தையா சலூன்ல, அறிவோட!"

"உங்க இஷ்டம்" என்று குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஆறரை மணிக்கு சலூன் நாற்காலியில் தனுஷ்கோடி.

"வேண்டுதலா அண்ணாச்சி?" என்றார் கருத்தையா.

"இல்லலே. விஞ்ஞானம்."

கருத்தையா எத்தனையோ மொட்டை போட்டவர். விஞ்ஞானத்துக்கு இதுதான் முதல் மொட்டை. தண்ணீர் தெளித்து, பிளேடு மாற்றி, கீழே பூப்போட்ட நைட்டித் துணி ஒன்றை விரித்தார். கால் மணி நேரத்தில் காடு காலி. கண்ணாடியில் தன் மூன்று அண்ணன் தம்பிகளும் சேர்ந்து ஒரே முகமாக முறைப்பதைத் தனுஷ்கோடி பார்த்தார். ஆனாலும் அறிவு ஜெயித்துவிட்டது.

அந்த நேரத்தில் கருத்தையா துணியின் நாலு முனையையும் கூட்டி, முடியை மூட்டையாகக் கட்டினார்.

"என்னலே பண்ணுத?"

"மதினி நேத்து சாயந்தரமே துணி குடுத்துட்டுப் போனாவ. ஒரு சுருள் சிந்தக் கூடாதுன்னு சொன்னாவ."

வாசலில் ஹாரன் அடித்தது. தையல் யூனிட் பெண்கள் திருவண்ணாமலைக்குப் பிடித்த வேன். ஜன்னலோரம் பட்டுச்சேலையில் முனீஸ்வரி. கருத்தையா கொண்டுபோய்க் கொடுத்த மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தனுஷ்கோடி சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "ஏட்டி, அது என் முடி!"

"நேத்துச் செத்ததுன்னிய. இன்னைக்கு என்ன சொந்தம் கொண்டாடுதிய?"

"நான் கோயிலுக்கு வர மாட்டேன்னு சொன்னேன்லா?"

"உங்கள யாரு கூப்பிட்டா?" வேன் நகர்ந்தது. முனீஸ்வரி ஜன்னலில் தலையை நீட்டினாள். "வேண்டுனது முடியத்தான். தலை வீட்டுலயே இருக்கட்டும், மத்தியானம் பேச்சு கேக்கணும்லா!"