பதில்கள் நீக்கப்பட்ட படம்

மேசை மணியின் அந்த ‘டிங்’ இன்னும் என் காதில் இருக்கிறது. தணிக்கைக் குழுத் தலைவர் அதைத் தட்டினால், திரையில் அந்த நொடி ஓடுவது இனி உலகுக்குக் கிடையாது என்று பொருள். சுருக்கெழுத்துக்காரியான நான் குறித்துக்கொள்வேன்.

அன்று வந்தது, பெண்களின் அந்தரங்க வாழ்க்கையை ஆராயும் பேராசிரியர் ஒருவரைப் பற்றிய படம். அவர் கேட்பார், பெண்கள் சொல்வார்கள். அதை ஆதரித்து ஓர் ஊர்வலம், எதிர்த்து ஓர் ஊர்வலம் ஏற்கெனவே போயாகிவிட்டது. இரண்டிலும் படம் பார்த்தவர் யாருமில்லை.

விளக்குகள் எரிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். “கேள்விகள்ல ஒரு குறையும் இல்ல. படிச்சவர், வெள்ளைக் கோட்டு போட்டுக் கேக்குறார். பதில்கள்தான் ஆபாசம். எடுத்துடுங்க.”

“பதில் இல்லாம ஆராய்ச்சி எப்படி சார்?” என்றார் இயக்குநர்.

“இந்த அரசாங்கக் கட்டடத்துல எல்லா மாடியிலயும் அப்படித்தானே நடக்குது?”

கதாநாயகி எழுந்தாள். அவளுக்கு இது முதல் படம். “என் வசனமே பதில்கள்தான் சார். கடைசிப் பதிலையாவது விடுங்க. ஒரே வார்த்தை.”

உனக்கு என்ன பிடிக்கும் என்று உன் கணவர் எப்போதாவது கேட்டதுண்டா? இதுதான் கடைசிக் கேள்வி. அவள் பதில், ‘இல்லை’.

“இருக்குறதுலயே மோசம் அதுதான். குடும்பத்தோட பார்ப்பாங்க. ‘ஆமா’ன்னு மாத்திக்கோம்மா, விட்டுடுறேன்.”

“பொய்யாயிடும் சார்.”

“ஆராய்ச்சியில அதெல்லாம் சகஜம்மா.”

அவள் அசையவில்லை. தலைவர் மனமிரங்கி, சத்தம் இல்லாமல் உதடு மட்டும் அசையலாம் என்றார். உறுப்பினர் ஒருவர் பதறிப்போனார்.

“எங்க மாமியாருக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்தே ஊர் வம்பு பூராவும் சொல்லிடுவாங்க. அவங்க மனசு கெட்டா யார் பொறுப்பு?”

உதடும் போயிற்று. கேள்வி, வாய் திறக்கப் போகும் ஒரு முகம், வெட்டு. படம் நெடுக இப்படியே.

வெளியானதும் பத்திரிகைகள் கொண்டாடின. ‘மௌனத்தின் பேராழம்’ என்றார் ஒரு விமர்சகர். ‘சொல்லாமை என்னும் புதிய அழகியல்’ என்றார் இன்னொருவர். படித்த பெண்கள் பாதிப் பேச்சில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பது நாகரிகமாயிற்று. மாதர் சங்கம் கதாநாயகிக்குப் பாராட்டுவிழா எடுத்தது. மாலை போட்டவர் நம் தலைவரே.

அவள் மைக் முன் வந்தாள். “அந்தக் கடைசிக் காட்சியில நான் சொன்னது என்னன்னா...”

“பேசாதம்மா,” என்றார் சங்கத் தலைவி, கண்ணைத் துடைத்தபடி. “அந்தப் பார்வை போதும். பேசிக் கெடுத்துடாதே.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அதன்பின் அவளுக்கு நிறையப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஊமை வேடம்தான்.