மில்லைப் பார்க்க வந்த மாப்பிள்ளையும் தரகரும்

யட்டியாந்தோட்டை,
வியாழக்கிழமை. மழை.

மரியாதைக்குரிய யோகராஜ் மாமாவுக்கு,

மருமகள் பிரஷாந்தினி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அப்பா சுகம். மில் கொஞ்சம் இருமுகிறது, மழைக்கால இருமல்தான். புஷ்பவதி அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருக்காவிட்டால் அதற்கும் ஒரு முதலீட்டாளரை நீங்கள் பிடித்திருப்பீர்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

இதைக் கடைசியில் சொல்வதுதான் மரியாதை. ஆனால் கடிதங்களை முதல் பக்கத்தோடு மடித்து வைப்பது உங்கள் பழக்கம். ஆகவே இங்கேயே சொல்லிவிட்டேன்.

நம் மிளகாய்த்தூள் மில்லில் பங்கு மூன்று. அப்பாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, அம்மா எனக்கு விட்டுப்போனது ஒன்று. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை. நீங்கள் போட்டுவிட்டீர்கள். அப்பா, "அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்று சொல்லிவிட்டு மிளகாய் வறுக்கப் போய்விட்டார். மிச்சம் நான்.

போனில் கேட்டீர்கள்: "ரெண்டு பேரும் கொழும்புல இருந்துதானே வந்தாங்க? ரெண்டு பேரும் காசு ஆளுங்கதானே? இதுல என்னம்மா வித்தியாசம்? பெலிஹுல்ஓயா கெம்பஸ்ல நாலு வருசம் அதைத்தானே படிச்ச?"

படித்தேன். அங்கே புரியவில்லை. அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

ஸியாம் முதலீட்டு வங்கிக்காரர். மாவனல்லையில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிறவர். அவர் கல்யாணத் தரகர் மாதிரி. விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரு பாயில் உட்கார வைப்பார். பெண்ணின் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். முகூர்த்தம் முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு குடும்பம் நடக்கிறதா என்பது அவர் பாடு இல்லை. துஷாந்தன் பிரைவெட் ஈக்விட்டி நிதியத்தின் ஆள். அவர்தான் மாப்பிள்ளை. அதுவும் வீட்டோடு மாப்பிள்ளை. ஊரார் கொடுத்த காசோடு வருவார், உள்ளே குடியிருப்பார், அலுமாரியை நகர்த்துவார், அடுப்பை மாற்றுவார். ஐந்து வருடம் கழித்து வீட்டை நல்ல விலைக்கு இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். தாலி கட்டும்போதே அடுத்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாப்பிள்ளை.

இதை அன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன். விளக்கம் சரி. யார் எவர் என்று அடையாளம் சொல்லவில்லை. அங்கேதான் பிழை வந்தது.

அப்பாவுக்குக் கல்யாண முறை தெரியும். தரகரிடம் குறையை எல்லாம் சொல்லிவிட வேண்டும். மூடி மறைப்பது அவர் வேலை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிறையை மட்டும் சொல்ல வேண்டும். அடையாளமும் அப்பாவுக்குத் தெரியும். கக்கத்தில் குடையோடு வருகிறவர் தரகர். அன்று துஷாந்தன் குடையோடு இறங்கினார். ஸியாம் கோட்டும் பளபளக்கும் சப்பாத்துமாக இறங்கினார்.

பிறகு நடந்ததை நிறுத்தி நிறுத்தி எழுத முடியாது மாமா, ஏனென்றால் அது நிற்கவில்லை: அப்பா ஸியாமைக் கதிரையில் உட்கார வைத்து வடையும் பாயாசமும் கொடுத்து "நம்மகிட்ட ரெண்டு மெசின் இருக்குங்க" என்று ஆரம்பித்தார், அந்த இரண்டாவது மெஷின் நம் குசினியில் இருக்கிற தேங்காய் துருவி, ஸியாம் அதைப் பார்க்கக்கூடக் கேட்காமல் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி 'இரண்டாவது உற்பத்திப் பிரிவு' என்று எழுதிக்கொண்டார், அதற்குள் அப்பா துஷாந்தனுக்கு ஒரு வெறும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, தோளில் கை போட்டு, மில்லின் பின்பக்கம் கூட்டிப் போய், "தம்பி, உங்ககிட்ட மறைக்கக்கூடாது, கூரை ஒழுகுதுங்க, மோட்டர் ஒருவாட்டி செத்துப் பொழைச்சது, கடைக்காரன்ல பாதிப் பேர் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றான், என் மச்சான் யோகராஜுக்கு யாவாரமே தெரியாது" என்று கொட்டித் தீர்த்துவிட்டு, "மாப்புள வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார், மாப்பிள்ளை, "சொல்ல மாட்டன் ஐயா" என்று சத்தியம் செய்தார்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. விலையை மட்டும் குறைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லயத்திலிருந்து கருப்பாயி அக்கா வந்தாள். மேல் டிவிசனில் ஒரு கருமாதி. மூட்டையில் மல்லி, மிளகாய். அப்பா கடை ஓடரைப் பாதியில் நிறுத்தினார். மெஷினைத் துடைத்தார். அவளுடையதைப் போட்டார்.

துஷாந்தன் கேட்டார்: "இதுக்கு எவ்வளவு எடுப்பீங்க?"

"கருமாதித் தூளுக்கு யாருங்க காசு வாங்குவா?"

"சரி, வருசத்துக்கு இப்பிடி எத்தனை வரும்?"

"அதை நாங்க ஓடர் எடுத்துச் செய்யிறதில்லைங்களே, தம்பி."

கருப்பாயி அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். துக்க வீட்டிலிருந்து வந்தவள் சிரிக்கக்கூடாது. அடங்கியதும் என் காதில் கேட்டாள்: "யாரும்மா இந்த மாத்தையா? செத்தவங்களை எண்ண வந்திருக்காரா?"

ஸியாம் மட்டும் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே, இது அருமையான விசயம். மில்லைப் பத்தின அறிக்கையில இதை நான் மொதல் பக்கத்திலேயே போடுறன். படத்தோட."

"கடைசிப் பக்கத்தில போடுங்க. செலவுல" என்றார் துஷாந்தன்.

மாமா, நீங்கள் கேட்ட வித்தியாசம் இந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஸியாமுக்கு, விற்கும் நாள் வரைதான் மில். துஷாந்தனுக்கு, விற்ற நாளிலிருந்துதான் மில். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. துஷாந்தன் போகும்போது என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, இது என்ட காசில்லை. குடுத்தவங்களுக்கு நான் பதில் சொல்லோணும்." உண்மையைத்தான் சொன்னார். எனக்குப் பயம் வந்ததும் அதனால்தான். பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். 'விலையில்லா அரைப்பு அனைத்தும் நிறுத்தப்படும்.'

அடுத்தது. மில்லை விற்று வரும் உங்கள் பங்குக் காசை அதே துஷாந்தனின் நிதியத்தில் போடப் போவதாக அத்தை சொன்னார். போடுகிறவர் தெரிந்துகொண்டு போட வேண்டும். ஸியாமிடம் போட்டு வைக்க இடமே கிடையாது. அவர் ஏதாவது ஒரு கம்பெனியின் பங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்து உங்களுக்கு விற்பார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கூலி அவருக்கு. ஆனால் பிடிக்காவிட்டால் மறுநாளே நட்டமோ லாபமோ விற்றுவிட்டு வெளியே வரலாம். நிதியம் அப்படியில்லை. போட்டதும் கதவைப் பூட்டுவார்கள். பத்து வருடம்கூட ஆகலாம். நடுவில் அத்தைக்கு ஒப்பரேஷன் என்றாலும் திறக்காது. காசைப் பார்த்துக்கொள்கிற கூலியை வருடா வருடம் எடுப்பார்கள். லாபம் வந்தால் அதில் ஐந்தில் ஒன்று அவர்களுக்கு. பெரிய லாபமும் வரலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதுவும் பெரிய பணப்பைக்காரர்களுக்குத்தான் அந்தக் கதவு. உங்கள் பையைச் செருப்போடு சேர்த்து வெளியே வைக்கச் சொல்வார்கள்.

உள்ளே விட்டார்கள் என்றே வைப்போம். நம் மில்லை விற்ற காசைக் கொடுத்து, நம் மில்லை வாங்கிய நிதியத்தில் பங்கு வாங்குகிறீர்கள். லாபம் போதவில்லை என்று கொழும்பில் இருந்தபடி கருப்பாயி அக்காவிடம் காசு கேட்கப்போவது யார்? நீங்கள். இப்போது மில் உங்களுடையது, தூள் சும்மா வருகிறது. அப்போதும் மில் உங்களுடையதுதான், தூளை மட்டும் வத்தளையில் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்க வேண்டும். இதைத்தான் முன்னேற்றம் என்று போனில் சொன்னீர்கள்.

அம்மாவின் கருமாதி. அன்று மெஷினை ஓட்டியது லயத்து ஆட்கள். அப்பாவைக் கிட்ட விடவில்லை. "நீங்க ஒக்காருங்க மொதலாளி, இன்னைக்கு ஒங்க மொறை" என்றாள் கருப்பாயி அக்கா. அத்தனை பேருக்கும் குழம்பு. நீங்களும் இரண்டாவது தடவை சோறு வாங்கினீர்கள். அந்தக் குழம்புக்கு யாரும் பில் போடவில்லை.

படித்தவள் உணர்ச்சிவசப்படுகிறாள் என்பீர்கள். சரி. கூரை ஒழுகட்டும். ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்போம். துஷாந்தன் வரட்டும், ஸியாம் வரட்டும், கொழும்பே பஸ் பிடித்து வரட்டும், வடை சுட்டுக் கொடுப்பேன், பாயாசம் கொடுப்பேன். பேனையை மட்டும் தொட மாட்டேன். என்னிடம் விலை கேட்டால் கருமாதித் தூளின் விலையைச் சொல்வேன்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் எல்லோரும் காரம் குறையாமல் நீடூழி வாழ, மில்லின் வாசலில் இருக்கும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலைக்கு இல்லாத மருமகள்,
பிரஷாந்தினி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஸியாமிடமிருந்து போன் வந்தது. நிதியம் நம் மில் வேண்டாம் என்று நேற்றே முடிவு செய்துவிட்டதாம். சின்ன இடமாம். அவர்களுக்குச் சரிவராதாம். இவ்வளவு பக்கமும் நான் மறுத்தது யாரும் கேட்காத ஒன்றை. அப்பாவிடம் சொன்னேன். வறுத்துக்கொண்டிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நம்ம மில்லுக்கு என்ன கொறைச்சலாம்?" என்றார். அதையேதான் நானும் கேட்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நாம் இருக்கும்போது அவர்கள் எப்படி முந்தலாம்? மாமா, நீங்கள் உடனே போய்த் துஷாந்தனைப் பாருங்கள். நல்லபடியாகப் பேசுங்கள். தேவையென்றால் விலையைக் கொஞ்சம் குறைக்கலாம். எப்படியாவது அவர்களை இன்னொரு தடவை கேட்க வையுங்கள். நான் மறுக்க வேண்டும்.