ஒரு பக்கம் சுவிஸ், ஒரு பக்கம் லண்டன்

தனியாக இருக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: அவன் செய்யும் மடத்தனத்தைப் பக்கத்தில் நின்று தடுக்க யாரும் இல்லை. (மற்ற வீடுகளில் அம்மாவோ பெண்சாதியோ அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.)

அப்பா போய்ச் சேர்ந்தபின் அம்மாவை அக்கா லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அண்ணன் அதற்கு முதலே சுவிஸ். களுவாஞ்சிக்குடி வீட்டில் மிஞ்சியது நானும் அப்பாவின் குட்டி மோட்டார் சைக்கிளும்தான். இரண்டு பேரையும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவது கஷ்டம்.

அது ஜப்பான்காரன் எந்தக் காலத்திலோ செய்தது. சில்லுகள் பூசணிக்காய் அளவுதான். அப்பாவோ ஆறடி. அதில் அவர் போவதைத் தூரத்தில் இருந்து பார்த்தால், ஏதோ நாற்காலியோடு ஓடிப்போகிற ஆள் மாதிரி இருக்கும். முழங்கால் இரண்டும் பெற்றோல் டாங்கியில் உரசி உரசி, இரு பக்கமும் சிவப்பு பெயின்ற் தேய்ந்து தகரம் தெரியும்.

அண்ணனும் அக்காவும் தங்களுக்குள் கதைப்பதில்லை. ஏன் கோபித்தார்கள் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது, கோபத்தை மட்டும் கவனமாக வைத்திருந்தார்கள். என்னோடும் ஏதாவது விஷயம் இருந்தால்தான் கதை. மழைக்குக் கூரை ஒழுகியபோது இருவரும் தினமும் கோல் எடுத்தார்கள். நானும் மடையன் மாதிரி ஓடுகளை மாற்றிவிட்டேன். அதோடு போன் அடங்கிவிட்டது. ஒழுகாத வீட்டுக்கு யார் கோல் எடுப்பார்கள்?

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அந்தச் சைக்கிளைப் படமெடுத்து, ‘இதை என்ன செய்ய?’ என்று இருவருக்கும் தனித்தனியே அனுப்பினேன். போன் சூடாகிவிட்டது.

“டேய், முழுசாப் பிரிச்சு, சும்மா செக்கச் செவேலெண்டு அடி” என்றான் அண்ணன். “நான் அப்பாக்கு முன்னால இருந்து போகக்குள்ள எப்பிடி இருந்ததோ, அப்பிடியே இருக்கோணும்.”

“பெயின்ற் டப்பாவோட கிட்டப் போனாயெண்டா கைய முறிப்பன்” என்றாள் அக்கா. “அந்தத் தேஞ்ச இடம் அப்பாட முழங்கால்டா. அதை அழிச்சுப்போட்டு மறுகா எங்க போய்த் தேடுற?”

இரண்டும் சரியாகத்தான் பட்டது. “யோசிக்கிறன்” என்றேன். அடுத்த நாளும் கேட்டார்கள். அடுத்த நாளும் யோசித்தேன். பல வாரம் நான் யோசித்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன். போனைச் சோத்துப் பானையில் சாய்த்து வைத்தால் எதிரே ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். ஓ.எல். சோதனை தாண்டாத இந்த மண்டைக்கும் ஒன்று விளங்கியது: ஒருவர் பக்கம் முடிவெடுத்தால் மற்றவர் கோபத்தில் கதையை நிறுத்துவார். ஆசை நிறைவேறியவரோ, கூரை மாதிரி, தானாக அடங்கிவிடுவார்.

கடைசியில் அண்ணன் பொறுமை இழந்தான். “நீ அடிக்காட்டி இனி உன்னோட கதை இல்ல.”

அன்றைக்கே சங்கரின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“சங்கர், இடப்பக்கம் மட்டும் அடி.”

“மற்றப் பக்கம்?”

“அது லண்டனுக்கு. தொடாத.”

சங்கர் என்னை மேலும் கீழும் பார்த்தான். “உனக்குப் பெயின்ற் தேவயில்ல மச்சான், மருந்துதான் தேவ” என்றான். ஆனாலும் நடுவில் கோடு பிடித்து அழகாக அடித்துத் தந்தான். அண்ணனுக்கு இடப்பக்கப் படம், அக்காவுக்கு வலப்பக்கப் படம். இருவருக்கும் பரம திருப்தி. (என் வாழ்நாளில் நான் எழுதிப் பாஸான ஒரே சோதனை.)

ஆனால் அண்ணன் விடவில்லை. “புதுசாக்கின வாகனம், பூசை செய்யாம ஓடக்கூடா. வீடியோவில காட்டு.”

வாவிக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் இருந்த போனை இடப்பக்கம் வேப்பமரக் கவட்டில் சொருகினேன். ஐயர் மாலை போட்டு, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். நான் ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புனிதா மாமி வலப்பக்கமாக வந்து நின்றாள், நீட்டிய கையில் போனோடு.

“இஞ்ச பாரு புள்ள, உன்ட தம்பி கொப்பாட சைக்கிளுக்குப் பூச செய்யிறான்!”

“ஐயோ, அப்பிடியே வெச்சிருக்கான் மாமி! ஒரு பொட்டுப் பெயின்ற் இல்ல!” அக்காவின் குரல்.

மரம் பேசியது. “ஆரது பெயின்ற் இல்லையெண்ட? செக்கச் செவேலெண்டு நிக்குது!”

“அது ஆர்ட குரல்? அண்ணனா?”

“சுமதியா? உனக்கென்ன கண் தெரியாதா?”

“உனக்குத்தான் தெரியா!”

மரத்துப் போனைப் பிடுங்க இடக்கையை எட்டினேன். எட்டிய வேகத்தில் வலக்கை அக்சிலேட்டரை முறுக்கியது. வெளியே பெயின்ற் அடித்தவன் உள்ளே ஒரு வயரையும் தொடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்சிலேட்டர் இறுகி அப்படியே நின்றுவிட்டது. தேசிக்காய் நசுங்கியது, ஐயர் பாய்ந்தார், நானும் பிள்ளையாரின் மாலையும் நேரே வாவிக்குள்.

இடுப்பளவு தண்ணீர்தான். சேறு மட்டும் தலைவரை. கரைக்கு இழுத்துப் போட்டபோது ஐயர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். “தம்பி, நான் எந்தப் பக்கத்துக்குப் பூச செஞ்சன்?”

மாமி ஒரு கையில் லண்டனையும் மறு கையில் சுவிஸையும் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டும் சேர்ந்து என்னைக் கிழித்தன. பிறகு அண்ணன் திடீரென்று சிரித்தான்.

“சுமதி, அப்பா விழுந்ததும் அந்த இடத்திலதானே?”

“ஓம். நீ முன்னால, நான் பின்னால. அப்பா உன்னத்தான் முதல் தூக்கின.”

“பொய் சொல்லாத. உன்னத்தான்.”

போன் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நெடுநேரம் கதைத்தன. அந்தக் கதையில் நான் இல்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை. சேறு காயும்வரை சைக்கிளின் வலப்பக்கத்தில் சாய்ந்து நின்றேன்.

ஊரில் இப்போது அதற்குப் பெயர் ‘லண்டன் சுவிஸ்’. எனக்குக் கல்யாணம் பேசினாலும் அம்மா, “அடேய், ஓம் எண்டா முழுசா ஓம் எண்டு சொல்லு, ஒரு பக்கம் மட்டும் அடிச்சு வெக்காத” என்கிறாள். அண்ணனும் அக்காவும் தினமும் கதைக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் சிரிப்பார்கள், நான் பானையில் போனைச் சாய்த்துவிட்டுச் சாப்பிடுவேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்.

“டேய், மற்றப் பக்கத்த என்ன செய்யப்போறாய்?”

“யோசிக்கிறன்” என்பேன்.