கிலோமீட்டருக்குப் பதினொரு ரூபாய்

காவாந்தண்டலம்,
ஞாயிறு காலை.

அன்பு மாப்பிள்ளை மோகன்குமாருக்கு, மாமனார் தாமோதரன் ஆசி கூறி எழுதுவது. நானும் உங்கள் மாமியார் பவளமும் நலம். நீங்களும் மகள் கீர்த்தியும் நலமாக இருக்கத் திருப்புட்குழிப் பெருமாள் துணையிருப்பார்.

நாங்கள் வாங்கிய பழைய காருக்கு, நின்றாலும் ஆகும் செலவைத் தனியாகவும் ஓடினால் ஆகும் செலவைத் தனியாகவும் எழுதிப் பார்க்கச் சொன்னீர்கள். எழுதினேன். இன்சூரன்ஸ், கடன் வட்டி, ஷெட் வாடகை சேர்ந்து மாதம் மூவாயிரம். பெட்ரோல், ஆயில், டயர் தேய்மானம் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். அந்த மாதம் வண்டி ஓடியதே நூறு கிலோமீட்டர்தான். ஆக, கிலோமீட்டருக்கு முப்பத்தெட்டு ரூபாய். இதை நான் வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு.

"ஆயிரம் ஓட்னா இன்னா ஆவும்?" என்றாள் பவளம்.

"பதினொண்ணு."

"அப்ப எதுக்கு வண்டிய சும்மா நிறுத்தி வச்சிக்கினு கீறீங்க?"

அன்றோடு என் நிம்மதி போயிற்று. காலை நாஷ்டாவுக்கு வாலாஜாபாத், கொத்தமல்லிக் கட்டு வாங்க உத்திரமேரூர், வெள்ளிக்கிழமை ஏழு பெண்களை அடைத்துக்கொண்டு திருப்புட்குழி. பாதி வழியில் டயர் வெடித்தது. ஏழு பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல, நான் ஜாக்கியைத் தலைகீழாக வைத்துவிட்டேன். "நீங்க நவுருங்க மாமா" என்று பக்கத்து வீட்டுக் கனகா புடவையை இழுத்துச் செருகிப் பத்து நிமிடத்தில் டயரை மாற்றிவிட்டாள். டிராக்டர் ஓட்டுகிறவள். கோயில் போய்ச் சேரும்வரை பின்சீட்டில் ஒரே பாட்டு.

மாதக் கடைசியில் மீட்டரில் ஆயிரம் கூடியிருந்தது. "பதினொண்ணு வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். மூவாயிரத்து எண்ணூறாக இருந்த மாதச் செலவு பதினோராயிரமானது எனக்கு மட்டும்தான் தெரியும். தயவுசெய்து காரை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் பாருங்கள். விஷயத்தை மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள் இருவர் வாழ்வும் நிறைந்து விளங்கட்டும்.

இப்படிக்கு,
தாமோதரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நம் ஊர்க் கொத்தனார் ஆல்பர்ட் ஓடி வந்தார். மனைவி பிரிஸ்கில்லாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நானே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தேன். பெண் குழந்தை, இருவரும் சுகம். "வண்டிக்கு இன்னா தரணும்ணே?" என்றார் ஆல்பர்ட். கணக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் குழந்தை கொட்டாவி விட்டது. பார்த்துக்கொண்டே நின்றதில் மறந்துவிட்டேன். யாராவது கேட்டால், கார் விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுங்கள்.